பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு முக்காலி

நவம்பர் 10, திங்கட்கிழமை

விடியலிலிருந்து தூறல். தையல் இயந்திரத்தின் வார் ஈரத்தில் நழுவுகிறது. பள்ளிச் சீருடை நான்கு, கல்யாண ரவிக்கை ஒன்று நிலுவை. ஊக்குப் பெட்டியைக் காணவில்லை.

நண்பகலில் தணிகை வந்தார். பள்ளி வேனை வாசலில் நிறுத்திவிட்டு, நாற்காலி போட்டும் அமராமல் நின்றபடியே சொன்னார்.

"ஜமீலாம்மா, இந்த சனிக்கிழமைதான் கடைசி. ஆள் வந்தா ஆடறோம். வரலன்னா மூட்டை கட்டிக்கினு போயிடலாம். நாம ஆடற மாடிய பர்னிச்சர் கடைக்காரன் கேட்டுக்கினு கீறான். ஆடாத நாடகத்துக்கு எத்தினி நாளைக்கு எடம் குடுப்பாரு மாடிக்காரரு?"

தேநீர் வைத்துக் கொடுத்தேன். பாதி குடித்தார்.

செப்டம்பரிலும் நாடகம் நிறுத்தம், அக்டோபரிலும் நிறுத்தம். காரணம் எங்கள் குழுவின் பழைய கட்டுப்பாடு: மேடையில் நிற்பவர்களைவிட எதிரே அமர்ந்திருப்பவர்கள் குறைந்தால் அன்று ஆட்டம் கிடையாது. தணிகை இளமையில் மூட்டை தூக்கிய ஏதோ ஒரு குழுவிடமிருந்து கொண்டுவந்த வழக்கம். "பாக்கறவன விட ஆடறவன் ஜாஸ்தின்னா அதுக்குப் பேர் நாடகம் இல்ல, தெருச்சண்ட" என்பார். நானும் அதை மதிக்கிறேன். சபைக்கு ஒரு மரியாதை வேண்டும்.

மேடையில் ஐவர். தணிகைக்கு மருத்துவர் வேடம். பஞ்சர் கடை கபாலி கதாநாயகன். பள்ளியில் ஆயாவாக இருக்கும் ராஜேஸ்வரி செவிலி. தணிகையின் மைத்துனர்கள் இருவர் மருத்துவமனைப் பலகையில் அமர்ந்திருக்கும் நோயாளிகள். இளையவருக்கு இருமல் மட்டுமே, வசனம் இல்லை.

நான் ஆறாவது. கணக்கில் சேராத ஆறாவது. சபைக்கு இடப்புறம், பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு முக்காலி. கையில் பிரதி. யார் தடுமாறினாலும் அடுத்த சொல்லை மெதுவாக எடுத்துக் கொடுப்பவள். பதினோரு ஆண்டுகளில் நான் எடுத்துக் கொடுத்த சொல் ஒன்றுகூடச் சபையின் காதில் விழுந்ததில்லை. இதைத் தற்பெருமை என்று எவரேனும் கூறினால் கூறட்டும்.

நினைவில் கொள்க: வலப்பக்க மின்விசிறியைப் பழுது பார்த்தும் அந்தப் பக்க நாற்காலிகளில் எவரும் அமர்வதில்லை. எல்லோரும் இடப்புறமே நெருங்கிக்கொள்கிறார்கள். காரணம் விளங்கவில்லை.

நவம்பர் 12, புதன்கிழமை

மழை இல்லை. புழுக்கம்.

துண்டறிக்கை விநியோகம். புதுப்பட்டினம் கடைத்தெரு முழுவதும் நானே. மீன் சந்தையில் ராஜேஸ்வரி கொடுத்தாள். பிற்பகல் பேருந்தேறி மாமல்லபுரம் சென்று, சிற்பக் கடைகள் இருக்கும் தெருவில் ஒவ்வொரு கடையாகக் கொடுத்தேன். கல் தூசியோடு ஒருவர் வாங்கிப் படித்துவிட்டுக் கேட்டார்: "சினிமாக்காரங்க யாருனா வராங்களா?" இல்லை என்றேன். மடித்து உளிக்குக் கீழே வைத்துக்கொண்டார். உளி உருளாமல் இருப்பதற்கு உதவியது.

மாலையில் மாடியில் ஒத்திகை.

நாடகம்: ‘வெளியே காத்திருக்கவும்’. கதை தணிகையுடையது, மொழி என்னுடையது. மனைவியை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு நடைகூடத்தில் காத்திருக்கும் கணவன். இறுதிக் காட்சியில் செவிலி கேட்கிறாள், "நோயாளியின் பெயர் என்ன?" அதற்கு அவன் கூறும் மறுமொழிதான் நாடகத்தின் உயிர். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதியது என்று எவரும் நம்புவதில்லை. அதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்:

‘பெயரா? இத்தனை ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தோம், தாயே. அவளை நான் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. என் நாவுக்கு அவள் பெயர் பழகவில்லை. என் நெஞ்சுக்கோ வேறெதுவும் பழகவில்லை.’

கபாலி வழக்கம்போல் அந்த இடத்தில் இடறினான்.

"புலவரக்கா, ஒரு டவுட்டு. பஞ்சர் ஒட்றவன் எவனாச்சும் ‘தாயே’ன்னு கூப்புடுவானா? நாலு பேரு கேட்டா பிச்ச கேக்கறான்னு நெனைப்பான்."

"நீ பஞ்சர் ஒட்டுபவனாக நடிக்கவில்லை, கபாலி. மனிதனாக நடிக்கிறாய்."

"அப்ப பஞ்சர் ஒட்றவன் மனுசன் இல்லியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மாற்றவில்லை.

"சரி வுடு. நீதான் சைடுல கீறியே. மறந்தா நீ குடு, நான் வாங்கிக்கிறேன்" என்றான். பிறகு முக்காலியைக் காட்டி, "இன்னா மாரி வேல பாரு அக்காவுக்கு. மேடைலயும் இல்ல, சபைலயும் இல்ல. டோல்கேட்டு மாரி நடுவுல குந்திக்கினு" என்றான்.

நல்ல நகைச்சுவை. வீடு வரும் வரை நினைத்துக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 13, வியாழக்கிழமை

வேலை நிமித்தம் செங்கல்பட்டு. வாங்க வேண்டியவை: லைனிங் துணி (சந்தனம், கருப்பு), வெள்ளை நூல் கண்டு ஒரு பெட்டி, மாத்திரை. லைனிங் கிடைத்தது. மாத்திரை மறந்தது.

திரும்பும்போது திருக்கழுக்குன்றம் வழிப் பேருந்து. இருக்கை இல்லை. வேடந்தாங்கல் பறவைகளைப் பார்த்துவிட்டு வந்த சென்னைக் குடும்பம் ஒன்று, ஆளுக்கொரு தொலைநோக்கியோடு. பறவைகளைக் காண இத்தனை தொலைவு வருகிறார்கள். துண்டறிக்கை ஒன்று கொடுத்தேன். அந்த அம்மையார், "ஸாரி, நாங்க ஞாயித்துக்கிழம வரைக்கும் இருக்க மாட்டோம்" என்றார். ஆட்டம் சனிக்கிழமை.

மகள் தொலைபேசினாள். "உனக்கு எதுக்கும்மா இந்த பேஜாரு? ஒரு கதவுக்குப் பின்னால உக்காந்துக்கினு, பேர்கூட போட மாட்டாங்க. இங்க வந்து எங்ககூட இரேன்" என்றாள். யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை.

அவளுக்கு எப்படி விளக்குவது? அவள் அத்தா இறந்து, வீட்டோடு இருக்க வேண்டிய நான்கு மாத இத்தா முடிந்து, நான் முதன்முதலில் வெளியே வந்த வாரம் அது. ராஜேஸ்வரி செவிலி உடை தைக்கக் கொடுத்திருந்தாள். கொடுத்துவிட்டு வரலாம் என்று மாடியேறியவள், கடைசி வரிசையில் அமர்ந்துவிட்டேன். வேறொரு நாடகம், வேறொரு கதை. அப்போது எடுத்துக் கொடுக்க ஆள் கிடையாது, தடுமாறினார்கள். சபை சிரித்தது, அவர்களும் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார்கள். ஓரிடத்தில் நான் அழுதேன். அருகில் இருந்த முன்பின் அறியாத பெண்மணி, என்னைப் பாராமலே தம் முந்தானை நுனியை என் மடிப்பக்கம் நகர்த்தினார்.

திரைப்படத்தில் நாம் அழுவது திரைக்குத் தெரியாது. இங்கே தெரிகிறது. மேடையில் நின்றவன் ஒரு கணம் குரல் தாழ்த்தினான். எனக்காகத் தாழ்த்தினான்.

முடிந்தபின் எங்கள் வழக்கப்படித் தேநீர். ஆடியவர்கள் கீழே இறங்கி, பார்த்தவர்களோடு தரையில் வட்டமாக அமர்ந்து ஒரே அண்டாவிலிருந்து குடிப்பது. அவ்வாறு அமர்ந்த பிறகு எவரும் எவருக்கும் அயலார் இல்லை. அன்று என்னிடம் ஒருவர் பெயர் கேட்டார். ஜமீலா என்றேன். என் குரலில் என் பெயரைக் கேட்டு நெடுநாள் ஆகியிருந்தது.

என் கணவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "இந்தா" என்பார். கடைசி நாளன்றும் அதுதான். நாடகத்தில் அந்தச் சொல்லை நான் சேர்க்கவில்லை. மேடைக்குத் தகுதியான சொல் அன்று. அவர் கூறாமல் போனவற்றை மட்டும், கூறியிருந்தால் எப்படிக் கூறியிருப்பாரோ அப்படி, நல்ல தமிழில் எழுதினேன்.

இது எவருக்கும் தெரியாது.

நவம்பர் 15, சனிக்கிழமை

காலை வெயில். பத்து மணிக்கு மேகம்.

எடுத்துச் செல்ல: பிரதி, கைவிளக்கு, செவிலி உடை (பொத்தான் மாற்றியாயிற்று), தேநீர் அண்டா, ஏலக்காய், கபாலிக்கு இருமல் மருந்து.

மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தண்ணீர் நிற்பதாகப் பக்கத்து வீட்டில் கூறுகிறார்கள். யா அல்லாஹ், ஐந்து பேர் போதும்.

நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை

ஓயாத மழை. தையலை ஒதுக்கி வைத்துவிட்டேன். நடந்ததை நடந்தவாறே எழுதுகிறேன்.

ஆட்ட நேரத்துக்கு எதிரே நால்வர். மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும். அணுமின் நிலைய நகரியத்திலிருந்து பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், முழங்கால் வரை நனைந்து. பூ விற்கும் அம்மாள் ஒருவர், மழைக்கு ஒதுங்கியவர், கூடையை மடியில் வைத்துக்கொண்டு. நால்வரும் இடப்புறத்தில்.

காத்திருந்தோம். ஒருவரும் படியேறவில்லை. தணிகை பூசியிருந்த பவுடரைத் துண்டால் துடைக்கத் தொடங்கினார். ராஜேஸ்வரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. நான் மேடையில் இல்லாதவள். சபையில் போய் அமர்ந்தால் ஐந்தாவது.

"எடுத்துக் குடுக்க ஆள்?" என்றார் தணிகை.

கபாலிதான் முதலில் சொன்னான்: "போய் குந்துக்கா. பதினோரு வருசமா சொல்லினு கீறேன், அது எங்க போயிடும்? நீ ஒரு வாட்டி முன்னாடி இருந்து பாரு, நம்ம ஆட்டம் எப்டி கீதுன்னு."

இடப்புறம் அமர்ந்தால் பழக்க தோஷத்தால் உதடு அசையும், அவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று அஞ்சி, எவரும் அமராத வலப்புறத்தில் போய் அமர்ந்தேன். பழுது பார்த்த மின்விசிறிக்குக் கீழே.

நான் மொழி கொடுத்த நாடகத்தை முதன்முறையாக எதிரே இருந்து கண்டேன். கண்டது யாது எனில், முதுகுகள்.

கபாலியின் பிடரி. ராஜேஸ்வரியின் கொண்டை. தணிகையின் ஒரு காது. ஐவரும் இடப்புறம் திரும்பியே பேசினார்கள். அழும்போதும் அந்தப் பக்கம். சினக்கும்போதும் அந்தப் பக்கம். வசனமில்லாத இளைய மைத்துனர்கூட அந்தப் பக்கம் பார்த்தே இருமினார். அங்கே பக்கத் திரையும், அதன் பின்னால் ஆளில்லாத முக்காலியும். பதினோரு ஆண்டுகள் என் முகத்தைப் பார்த்தே நடித்துப் பழகியிருக்கிறார்கள். எனக்கே நடித்திருக்கிறார்கள். வலப்புறம் அமர்ந்தவர்களுக்கு நாங்கள் காட்டியதெல்லாம் பிடரிதான். அவர்கள் மறுமுறை வரவில்லை. நாங்களோ மின்விசிறியைப் பழுது பார்த்தோம்.

பிறகு இறுதிக் காட்சி. செவிலி கேட்டாள்: "நோயாளியின் பெயர் என்ன?"

கபாலி வாய் திறந்தான். "பெயரா?" என்றான். நின்றான்.

பக்கத் திரையைப் பார்த்தான். அங்கே எவரும் இல்லை. மீண்டும் பார்த்தான். பிறகு மெதுவாக, முதன்முறையாக, முழு உடலையும் எங்கள் பக்கம் திருப்பினான். என்னைத் தேடினான். கண்டான். அந்த முகத்தை நான் மறப்பதற்கில்லை. மனைவியின் பெயர் தெரியாமல் நிற்கும் ஒருவனின் முகம். வெட்கம், அச்சம், கெஞ்சல்.

எனக்கு முழு வசனமும் தெரியும். நாவின் நுனியில் இருந்தது. கொடுக்கவில்லை. சபையில் அமர்ந்துவிட்டேன், கொடுக்கக்கூடாது என்று நினைத்தேனா? அதுவும் உண்மை. ஆனால் அந்த மௌனத்தை நான் அறிவேன். என் வீட்டில் அது என்னோடு வாழ்ந்தது. அதற்கு வசனம் எதுவும் கிடையாது. நான்தான் எழுதி ஒட்டியிருந்தேன்.

பூக்கார அம்மாள் உரக்கவே சொன்னார்: "அய்யோ பாவம், பொண்டாட்டி பேரே தெரியல பாரு இந்தாளுக்கு. எங்கூட்டு ஆளும் இப்டிதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரரின் மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

ராஜேஸ்வரி சமாளித்து, "சரி, வெளியே காத்திருங்கள்" என்று முடித்தாள். திரை.

தேநீருக்கு எல்லோரும் வட்டமாக அமர்ந்தோம். பெரியவர், "அந்த சைலன்ஸ் வைச்சீங்க பாருங்க" என்று தொடங்கி முடிக்காமல் தலையாட்டினார். அதைக் கேட்கக் கபாலி அங்கே இல்லை. வேடத்துச் சட்டையோடு மழையில் இறங்கிப் போயிருந்தான். அண்டாவில் அவன் பங்கு ஆறிப்போயிற்று.

நவம்பர் 17, திங்கட்கிழமை

மழை விட்டது. சீருடை நான்கும் கொடுத்தாயிற்று. ஊக்குப் பெட்டி கிடைத்தது, அரிசிச் சம்படத்துக்குப் பின்னால்.

கபாலியின் கடைக்குச் சென்றேன். பாராட்டத்தான் சென்றேன். அதை அல்லாஹ் அறிவான்.

லாரி டயர் ஒன்றைக் கடப்பாறையால் நெம்பிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"உன் வாயில இருந்துச்சு. நான் பாத்தேன். குடுக்கல நீ."

"கபாலி, நீ மறந்து நின்ற அந்த இடம்தான் நாடகத்திலேயே மிகச் சிறந்த இடம். சபை அழுதது."

கடப்பாறை நின்றது. நான் கூறியது என்ன என்பது அதன் பிறகே எனக்கு விளங்கிற்று.

"ஓ. பதினோரு வருசமா நான் நடிச்சது வேஸ்ட்டு. மறந்துட்டு பேந்த பேந்த முழிச்சேனே, அது சூப்பரு. அப்டித்தானே?"

"நான் அவ்வாறு..."

"நாள் பூரா டயரோட மல்லு கட்டிட்டு, மூஞ்சி கழுவிக்கினு மாடி ஏறுவேன்க்கா. அங்க ஏறினா வேற ஆளா கீறோம்னு நெனச்சிக்கினு இருந்தேன். நீ போ. கஸ்டமர் வராங்க."

எவரும் வரவில்லை. சாலை வெறுமையாகத்தான் இருந்தது.

வேறு சொற்கள் இருந்திருக்க வேண்டும். ஊர் நூலகத்துப் புத்தகங்களில் பாதியைப் படித்தவளுக்கு அந்த நேரத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை.

நவம்பர் 19, புதன்கிழமை

மப்பு. ஒத்திகை நாள். கபாலி வரவில்லை. தணிகை இருமுறை அழைத்தும் எடுக்கவில்லை.

"வேற ஆள போட்டு பண்லாமா?" என்றாள் ராஜேஸ்வரி. அவள் கேள்விக்கு அவளே மறுத்துத் தலையசைத்துக்கொண்டாள். கபாலி இல்லாத குழு எதற்கு? ஆள் வந்தால் ஆடுவோம் என்றுதானே முடிவு. ஆள் வந்தது, ஆடினோம். ஆடியதே எங்கள் ஆளைத் துரத்தியது.

சனிக்கிழமை வரை பார்ப்பது. அன்றும் அவன் வராவிட்டால் சாவியைக் கொடுத்துவிடுவது.

ராஜேஸ்வரி என்னோடு கடைத்தெரு முனை வரை நடந்து வந்தாள். முதுகுகளைப் பற்றி அவளிடம் கூறினேன்.

"ஆமாக்கா, உன் மூஞ்சிய பாத்துதான் பேசுவேன். எதிர்ல பாத்தா பயமா கீது. நீ ஒவ்வொரு வரிக்கும் தல ஆட்டுவ இல்ல, அத பாத்தா தைரியம்" என்றாள்.

நான் தலையாட்டுவேன் என்பதே எனக்குத் தெரியாது.

இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. மகளிடம் தலைவலி என்றேன். சென்னைக்கு வந்துவிடு என்றாள். இம்முறை யோசித்தேன்.

நவம்பர் 22, சனிக்கிழமை

வெயில். துணி காய்ந்தது. மாத்திரை வாங்கியாயிற்று.

பிற்பகல் மாடி. கபாலி தவிர மற்ற நால்வரும் வந்தார்கள். நாற்காலிகளை அடுக்கினோம்; அடுக்குவதை இயன்றவரை மெதுவாகச் செய்தோம். யாராவது படியேறும் ஓசை கேட்டால் எல்லோரும் நிறுத்தினோம். ஒருமுறை பர்னிச்சர் கடை ஆள், அளவு எடுக்கும் நாடாவோடு. ஒருமுறை பூக்கார அம்மாள்.

"இன்னாமா, இன்னிக்கி ஆட்டம் இல்லியா? எங்கூட்டு ஆள இட்டுக்கினு வந்து கீறேன். பாரு, கீழ நிக்கிது." எட்டிப் பார்த்தேன். மடித்துக் கட்டிய லுங்கியோடு ஒருவர், படியேறத் தயங்கி, சுவரொட்டியைப் படிப்பது போல் நின்றிருந்தார்.

இல்லை என்று தணிகைதான் சொன்னார். "அடுத்து எப்போ?" என்றார் அந்த அம்மாள். அவர் அடுத்த நாற்காலியை எடுத்து அடுக்கினார்.

நான்கு மணிக்குச் சாவி கைமாறியது. மாடிக்காரர் நல்லவர், "எப்பனா வேணும்னா கேளுங்க" என்றார். முக்காலி என்னுடையது என்று ராஜேஸ்வரி எடுத்துக் கொடுத்தாள். இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டுக்கு நேர்வழி கபாலியின் கடை வழிதான். சுற்றிக்கொண்டு போகலாம் என்று எண்ணி, போகாமல், அந்த வழியே சென்றேன். அவன் சாலைக்கு முதுகு காட்டித் தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிப் பிடித்திருந்தான். எங்கே குமிழி வருகிறதென்று பார்த்துக்கொண்டே தனக்குள் பேசிக்கொண்டிருந்தான். நெருங்கிய பிறகே கேட்டது.

"பேரா? ஒரே வூட்ல இத்தினி வருசம் இருந்தோம்மா. பேர் சொல்லிக் கூப்ட்டதே இல்ல. இந்தா, இந்தான்னே ஓட்டிட்டேன். இப்ப நீ கேட்டா... வாய்ல வரமாட்டேங்குது."

நிறுத்தினான். தலையாட்டிக்கொண்டான். டியூபைத் திருப்பிப் போட்டு, முதலிலிருந்து தொடங்கினான். "பேரா?"

முக்காலியோடு அவன் பின்னால் நின்றிருந்தேன். நான் எழுதிய சொல் அதில் ஒன்றுமில்லை. என் கணவர் என்னை அழைத்த ‘இந்தா’ இருந்தது. நான் யாரிடமும் சொன்னதில்லை.

கூப்பிடவில்லை. சாவியை அரை மணி நேரம் முன்புதான் கொடுத்திருந்தோம்.